மூக்கால் வாங்கிய பெர்மிட்

அம்பத்தூர்,
11-6-1967, ஞாயிறு மாலை.

பெங்களூரில் குளிர்ந்த காற்றும் குறைவில்லாத வாழ்வுமாக இருக்கும் மச்சான் கோவிந்தன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் அய்யாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை கெங்கம்மாள் சுகம். மகள் தாட்சாயிணி சுகம். நான் சுகமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் நீங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. தாட்சாயிணியின் நிச்சயதார்த்தத்துக்கு வந்து ஒரு வாரம் தங்குவதாகவும், ஆனால் சாயங்காலமானால் இரண்டு கிளாஸ் விஸ்கி உள்ளே போகாவிட்டால் உங்களுக்குக் கை கால் ஓடாது என்றும், எங்கள் ஊரில் மதுவிலக்கு இருப்பதால் என் பேரில் ஒரு பெர்மிட் எடுத்து வைக்கும்படியும், இல்லாவிட்டால் வருவது சந்தேகம் என்றும் எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவது எப்படி என்று உங்கள் தங்கை மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள். விசாரித்ததில், குடி இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று சர்க்கார் டாக்டர் எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் பெர்மிட் என்றார்கள். டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்பாராம். ஐம்பத்திரண்டு வயதில் பன்னீர் சோடாவைத் தாண்டி எதையும் அறியாத நான், சைக்கிள் கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறவன், அந்தக் கேள்விக்கெல்லாம் என்ன பதில் சொல்வது?

எங்கள் தெருக்கோடியில் பால்ராஜ் என்று ஒருவர் இருக்கிறார். ஆவடியில் பட்டாளத்து ஆபீசர்கள் மெஸ்ஸில் இருபது வருஷம் பரிமாறி ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். உள்ளே கம்பளிக்கு நடுவில் ஒன்பது காலி பாட்டில்கள். ஞாபகத்துக்காக வைத்திருக்கிறாராம். ஒன்றின் மூடியைத் திருகி என் மூக்கடியில் நீட்டினார்.

"இன்னா தெரியுது நைனா?"

"ஆஸ்பத்திரி வாசனை."

"அவசரப்படாத. கண்ண மூடிக்கினு மெதுவா இழு."

இழுத்தேன். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதிப் பற்றவைத்தால் வருமே, அந்தப் புகை வாசனை வந்தது. "அத்தான் சீமைச் சரக்கு," என்றார் பால்ராஜ். அடுத்தது உள்நாட்டு விஸ்கி. எங்கள் ஸ்டோரில் இருக்கும் வார்னிஷ் டின்னின் சாட்சாத் உடன்பிறப்பு. ரம், அடிப்பிடித்த வெல்லப்பாகு. பிராந்தி, பூந்தமல்லிச் சந்தையில் விற்காமல் மீந்த திராட்சைக் கூடை. பீர், நேற்றைய அரிசி கழுநீர். ஏல் என்று ஒன்று, அதுவும் பீருக்குச் சொந்தம்தானாம், ஆனால் ரொட்டிக் கடை அடுப்பு வாசலில் நிற்பது போல ஒரு வாசனை. பத்து நாள் சாயங்காலம் தவறாமல் போய்ப் படித்தேன் மச்சான். பொய் சொல்வானேன், பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஒன்பதையும் வரிசை பிசகாமல் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் என்னை அறியாமல் தட்டைத் தூக்கி முகர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது, உங்கள் தங்கை, "இன்னா ரசத்த மோந்துகினே கீற, கெட்டுப் பூட்ச்சா?" என்று கேட்டாள்.

பிறகு டாக்டரிடம் போனேன். பயத்தில் கை நடுங்கியது. அதைப் பார்த்ததுமே அவர் ஏதோ குறித்துக்கொண்டார். எத்தனை வருஷமாக என்று கேட்டார், இருபது என்றேன். என்ன குடிப்பீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நனைந்த விறகில் ஆரம்பித்து ரொட்டிக் கடை அடுப்பு வரைக்கும் கால் மணி நேரம் நிறுத்தாமல் சொன்னேன். சீமை விஸ்கியில் புகை முதலில் வந்து இனிப்பு பின்னால் வரும், உள்நாட்டில் இனிப்பு முன்னால் ஓடிவந்து தலைவலி பின்னால் வரும் என்று பால்ராஜ் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இவ்வளவு ரசிச்சுக் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து," என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. இன்று காலை வேப்பம்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா உத்தமன் ஓய்வு பெற்ற வாத்தியார். குடிக்கிற வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் என்று தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் மனைவி தாயம்மா வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை இராமகிருஷ்ணன் ஆவடித் தொழிற்சாலையில் பிட்டர், தங்கமான பையன். நம் தாட்சாயிணிக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது, அவள் கேசரியை அவன் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி வைத்ததிலேயே எனக்குத் தெரிந்தது. உத்தமன் பஜ்ஜியை எடுத்து வாயருகே கொண்டுபோகிற நேரம், வாசலில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"குடிகாரர் அய்யாசாமி ஊடு இதானா?"

பெர்மிட்டுக்கு விலாசம் சரிபார்க்க வந்தாராம். நான் எழுந்து ஓடி வாயைப் பொத்துவதற்குள் கையிலிருந்த காகிதத்தை உரக்கப் படித்தார்: "மேற்படி நபர் இருபது ஆண்டுகளாக மதுவுக்குப் பழகி, அது இன்றி உயிர் வாழ இயலாதவர்." என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். உத்தமன் தம் பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து நின்றார். தாட்சாயிணியின் முகத்தைப் பார்த்தேன் மச்சான். அந்த முகத்துக்காக உங்களை இந்த ஜென்மத்தில் மன்னிக்கக்கூடாது என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

"எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல. பெங்களூர் மாமாவுக்கோசரம் காலி பாட்டில மோந்து மோந்து பாஸ் பண்ணாரு," என்றாள் தாட்சாயிணி. உத்தமன் நம்பவில்லை. சாட்சிக்குப் பால்ராஜை அழைத்துவந்தேன். அது நான் செய்த இரண்டாவது தவறு. அவர் வந்து நெஞ்சில் கை வைத்து, "வாத்தியாரய்யா, நான் எத்தினியோ கர்னலுக்கு ஊத்திக் குட்த்தவன். இவரு மூக்கு மாரி ஒரு மூக்க நான் கண்டதில்ல. ஏலுல ரொட்டி வாசன கீதுன்னு சொன்ன மொத ஆளு இவருதான்," என்றார். உத்தமன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் தாயம்மா வாயைத் திறந்தார். "குந்துங்க. பொண்டாட்டியோட அண்ணனுக்காவ ஊரெல்லாம் குடிகாரன்னு பேர் வாங்கிக்கினு நிக்கிறாரு இந்த மனுசன். நமக்குக் கல்யாணமாகி இருவத்தெட்டு வருசமாச்சு. எங்கண்ணனுக்கு நீங்க ஒரு சோடா வாங்கிக் குட்த்துக்கிறீங்களா?"

உத்தமன் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துப் பஜ்ஜியையும் எடுத்தார். நிச்சயதார்த்தம் வருகிற இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஒரே நிபந்தனை, பெர்மிட் கைக்கு வந்ததும் அதை நான் சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். ஆகையால் மச்சான், நீங்கள் வாருங்கள், கட்டாயம் வாருங்கள், ஆனால் கை கால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு வாரம் மோர்தான். இந்த வீட்டுக்குள் இனி பாட்டில் என்ற பேச்சே கிடையாது. முகரவும் மாட்டேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நூறு வயது தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு வாக்கப்பட்ட ஒரே குற்றத்தைச் செய்த
அய்யாசாமி

பி.கு. (வியாழன்): தபாலில் போட மறந்துவிட்டேன், அதுவும் நல்லதாயிற்று. செவ்வாய்க்கிழமை பெர்மிட் வந்தது. புதன்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனபோது சாட்சிக்குச் சம்பந்தி உத்தமனும் கூட வந்தார். பஸ் பாடியைத் தாண்டியதும், "அந்த ஏல்னு ஒண்ணு, ரொட்டி வாசனைன்னு உங்க பால்ராஜ் சொன்னாரே, நெஜமாவா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரு வாத்தியாரின் சந்தேகத்தைத் தீர்க்காமல் விடுவது முறையல்ல. நான் டாக்டரிடம் சொன்னது தவறு மச்சான். ரொட்டி மூக்கோடு நின்றுவிடுகிறது, நாக்குக்கு வேப்பங்கொழுந்துதான். சம்பந்தி அப்படியில்லை என்கிறார். விஸ்கியிலும் எங்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. அனுபவஸ்தரான நீங்கள் வந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் பெர்மிட்டுக்கு மாதாமாதம் தரும் பங்கில் இந்த மாதத்தது முடிந்துவிட்டது, அடுத்தது ஒன்றாம் தேதிதான் கொடுப்பார்களாம். ஆகவே இருபத்தைந்தாம் தேதி நாள் சரியில்லை என்று பெண்களிடம் சொல்லி, நிச்சயதார்த்தத்தை ஜூலை இரண்டாம் தேதிக்கு மாற்றிவிட்டோம்.