கொட்டகை கட்டப்பட்ட வரலாறு

ஒரு குழி தோண்டாமல், ஓர் ஆணி அடிக்காமல், ஏழு மாத காலம் முழு வேகத்தில் நடைபெற்ற கட்டுமானப் பணி உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க முடியும். அந்த மாபெரும் பணியில் செயலாளராகத் தொண்டாற்றும் பேறு எனக்குக் கிடைத்தது. வருங்காலச் சந்ததி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் 'கண்காணிப்பாளராக' இருந்தவர். எதைக் கண்காணித்தார் என்பது அவர் ஓய்வு பெறும் வரை யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அலுவலகம் முன்பு போலவே நடப்பதால், இனிமேல் தெரிய வழியும் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் பெரிய புயல் ஒன்று அடித்தது. கொல்லையில் நின்ற மரம் சமையலறைக் கூரையின் ஒரு மூலையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. மரம் வெட்டுகிறவர்கள் வந்து அதை ஏழு கட்டைகளாகத் துண்டு போட்டுவிட்டுப் போனார்கள். கூரையில் விழுந்த ஓட்டையை அக்கா ஒரு நீலத் தார்ப்பாயால் மூடினாள்.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் தச்சரைக் கூப்பிடுவான். அத்தான் சாதாரண மனிதர் இல்லை. அவர் கைபேசியில் ஒரு காணொளி பார்த்தார். அதில் ஒரு தாடிக்காரர் தன் வீட்டுக் கொல்லையில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, முழு மரத்தை வாழைத்தண்டு நறுக்குவது போலப் பலகை பலகையாக அறுத்துத் தள்ளினார்.

"நம்ம மரம், நம்ம மிஷின், நம்ம பலகை. நம்ம கூரையை நாமளே போட்டுக்கலாம்" என்றார் அத்தான்.

அக்கா வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறவள். தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்போ?" என்று கேட்டாள்.

"முதல்ல மிஷின் வரட்டும்!"

வந்தது. இரண்டு நீளத் தண்டவாளம், அதன் மேல் உருண்டு போகும் பெட்டி, பெட்டிக்குள் வளையமாகச் சுற்றும் வாள், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு பெட்ரோல் இன்ஜின். கட்டையைத் தண்டவாளத்தின் நடுவே கிடத்திப் பெட்டியைத் தள்ளினால் பலகை வந்துவிடும். அத்தான் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். நான்காவது முறை நடப்பதற்குள் வானத்தில் ஒரு மேகம் தோன்றியது. அத்தான் சமையலறைக் கூரைக்கு ஓடினார். நீலத் தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து மிஷினுக்குப் போர்த்தினார்.

"என்னங்க, அது சமையலறையோடது!"

"சமையலறை நனைஞ்சா காஞ்சிடும். மிஷின் நனைஞ்சா துருப்பிடிக்கும்."

அறிவியல் பூர்வமான இந்த விளக்கத்தோடு விவாதம் முடிந்தது. அன்று முதல் மழை நாட்களில் அவள் ஜன்னல் கம்பியில் ஒரு குடையைக் கட்டிவைத்து அதன் கீழ் சமைத்தாள். அடுப்பு நனையவில்லை. முதுகு மட்டும்தான் நனைந்தது.

தார்ப்பாய் தற்காலிக ஏற்பாடு. மிஷினுக்கு நிரந்தரக் கொட்டகை வேண்டும் என்று அன்று மாலையே முடிவானது. மறுநாள் 'கொட்டகைக் கட்டுமானக் குழு' உதயமாயிற்று. அத்தான் தலைவர். நான் செயலாளர். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மேஸ்திரி, தொழில்நுட்ப ஆலோசகர். அவர் எங்கே போனாலும் சட்டைப் பையில் குமிழிக் கண்ணாடி வைத்த ஒரு சிறிய ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு போவார் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். எதையும் மட்டம் பார்ப்பார். எவரையும் மட்டமாகவும் பார்ப்பார்.

முதல் கூட்டத்துக்குத் தச்சர் ஒருவர் 'சிறப்பு அழைப்பாளராக' வந்திருந்தார். நடுத்தர வயசு, காதில் பென்சில். கொல்லையைப் பார்த்தார், கட்டைகளைத் தட்டிப் பார்த்தார், உட்காராமலே சொன்னார்.

"நாலு தூண், ரெண்டு உத்தரம், மேல சரிவா தகரம். நாலு நாள் வேலை சார்."

கூட்டத்துக்கு இது சங்கடமாக இருந்தது. நாலு நாளில் முடிகிற வேலைக்கு எதற்குக் குழு?

"தூணுக்கு மரம்?" என்றார் அத்தான்.

"இதோ ஏழு கட்டை கிடக்கே. மிஷின்ல அறுத்துக்கலாம்."

"கொட்டகை இல்லாம மிஷினை எப்படி ஓட்டறது?"

"வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து ஓட்டலாம் சார்."

"திடீர்னு மழை வந்தா?"

"நிறுத்திடலாம் சார்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, எழுதிக்கோ. கொட்டகை கட்டப் பலகை வேணும். பலகை அறுக்கக் கொட்டகை வேணும். இது சாதாரணப் பிரச்சினை இல்லை. இது கொள்கைச் சிக்கல்."

எழுதிக்கொண்டேன். தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சிக்கல் தீர்ந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார். படிப்பறிவு குறைந்தவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது என்று ரசமட்டம் வருத்தப்பட்டார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூட்டம். முதல் மூன்று வாரம் பெயர் விவாதம். 'கொட்டகை' என்றால் மாடு கட்டுகிற நினைப்பு வருகிறது என்றார் அத்தான். 'கூடம்' என்று வைக்கலாம் என்றேன் நான். 'கூடம்' என்றாலே 'கூடாது' என்று கேட்கிறது என்றார் ரசமட்டம். கடைசியில் 'மர அறுவை மையம்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். கூட்டங்கள் நடந்த விதத்துக்கு 'அறுவை' மிகவும் பொருந்தியிருந்தது.

அடுத்த மாதம் வாசல் எந்தத் திசையில் என்று ஆராய்ந்தோம். நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்கு வாசல் எதற்கு என்று அக்கா டீ வைத்துவிட்டுப் போகும்போது கேட்டாள். உறுப்பினர் அல்லாதவர் கருத்துச் சொல்ல விதியில் இடமில்லை என்பதை அவளுக்குப் பணிவுடன் எடுத்துச் சொன்னேன்.

நாலாவது மாதம் அட்டையில் ஒரு மாதிரி வடிவம் செய்தோம். மிக அழகாக அமைந்துவிட்டது. அட்டை ஈரமாகக் கூடாது என்பதால் அதற்கு வீட்டிலேயே நல்ல அறையாகப் பார்த்து ஒதுக்கினோம். அது அக்காவின் தையல் அறை. தையல் மிஷின் சமையலறைக்கு, குடைக்கு அந்தப் பக்கமாகப் போனது.

ஐந்தாவது மாதம் 'பாதுகாப்பு மாதம்'. மூன்று மஞ்சள் ஹெல்மெட் வந்தது. ஹாலில் நாங்கள் மூவரும் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்குங்க இது?"

"பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து? என்கிட்டேருந்தா?"

அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

ஆறாவது மாதம் மழை வலுத்தது. ஒரு நாள் அக்கா தைத்து முடித்து அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடை பதினெட்டும் நனைந்து, ஒன்றின் நீலம் இன்னொன்றின் வெள்ளையில் இறங்கிவிட்டது. பதினெட்டையும் அவள் மறுபடி தைத்தாள். அழவில்லை. கத்தவும் இல்லை. ஹாலுக்கு வந்து, "எனக்கு அந்தத் தார்ப்பாய் வேணும்" என்றாள்.

"எழுத்துல குடும்மா" என்றார் அத்தான், கனிவோடு.

அவள் கொடுத்தாள். 'ஐயா, என் தலை நனைகிறது' என்று ஒரே வரி. கோரிக்கையில் போதிய விவரம் இல்லை என்பதால் ஒத்திவைத்தோம். கூடவே, மற்ற ஊர்களில் கொட்டகைகள் எப்படி இருக்கின்றன என்று நேரில் பார்த்து அறியாமல் இனி ஓர் அடியும் நகர முடியாது என்ற முடிவுக்கும் வந்தோம்.

ஏழாவது மாதம், மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு திங்கட்கிழமை, நாங்கள் மூவரும் 'ஆய்வுப் பயணம்' புறப்பட்டோம். மூன்று நாள் என்று போனோம். ஒரு கொட்டகையின் சொந்தக்காரர் ஊரில் இல்லாததால் அவர் வரும் வரை தங்க நேர்ந்தது. எட்டு நாள் ஆயிற்று. பதினோரு கொட்டகைகள் பார்த்தோம். எல்லாம் நாலு தூண், ரெண்டு உத்தரம், மேலே சரிவாகத் தகரம்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலிலேயே இன்ஜின் சத்தம் கேட்டது.

கொல்லைக்கு ஓடினோம். அங்கே ஒரு கொட்டகை நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது அக்கா. சேலையை வரிந்து கட்டி, மேலே அத்தானின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் குழுவின் ஹெல்மெட். அறுபட்டு வந்த பலகையைத் தச்சர் தூக்கி அடுக்கினார். சமையலறைக் கூரையின் மூலையில் புதுப் பலகை வெளிச்சமாகத் தெரிந்தது.

அக்கா இன்ஜினை அணைத்தாள்.

"வந்துட்டீங்களா? கை கால் கழுவிட்டு வாங்க."

"யாரு... யாரு இதை ஓட்டக் கத்துக் குடுத்தது?" என்றார் அத்தான்.

"மிஷினோட ஒரு புத்தகம் வந்துச்சே. உறை கூடப் பிரிக்காம இருந்துச்சு. பிரிச்சுப் படிச்சேன்."

"அம்மாவுக்கு அளவு சுத்தமா வருது சார்" என்றார் தச்சர். "அரை நூல் பிசகலை. மூணு நாள் வெயில்ல அறுத்தோம். ஒரு நாள் கூரைக்கு. மிச்ச நாலு நாள் இதுக்கு."

ரசமட்டம் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து முதல் உத்தரத்தின் மேல் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. அடுத்த உத்தரத்தில் வைத்தார். நடுவில் நின்றது. கையில் வைத்துத் தட்டிப் பார்த்தார். "இது பழுதாயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அவசரக் கூட்டம். 'உரிய தீர்மானம் இல்லாத கட்டுமானம்' என்பதால் இடித்துவிட்டு முறைப்படி மறுபடி கட்டலாமா என்று தலைவர் கேட்டார். டீ வரவில்லை. எட்டிப் பார்த்தோம். சமையலறையில் யாரும் இல்லை. கொல்லையில் பலகைக்கு வந்த இரண்டு பேரோடு அக்கா பேசிக்கொண்டிருந்தாள். ஒருவருக்குக் கட்டிலுக்கு, இன்னொருவருக்குக் கதவுக்கு.

"தாராளமா இடிங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஆனா வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க. வேலை இருக்கு."

அத்தான் இடிப்பு யோசனையை ஒத்திவைத்தார். பிறகு, குழுவின் நீண்ட கால வழிகாட்டுதல் காரணமாகவே இந்த வெற்றி சாத்தியமாயிற்று என்று தீர்மானம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன். கொட்டகைக்கு முன்னால் நாங்கள் மூவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அக்காவையும் கூப்பிட்டோம். கையில் வேலையாக இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் படத்தை அட்டையில் போட்டு, நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நான் ஒரு நிறைவறிக்கை எழுதினேன். என் நடையின் கம்பீரம் எனக்கே வியப்பாக இருந்தது. குழுவின் ஹெல்மெட்டை அணிந்துகொண்டு, முதல் பிரதியை அக்காவுக்குத்தான் கொண்டு போனேன். கொட்டகையில் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து, மரத்தூள் ஒட்டிய விரலால் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கேடா" என்றாள். "மரம் அறுக்கப்பட்டது. தூண் நடப்பட்டது. கூரை போடப்பட்டது. டீ வழங்கப்பட்டது. எல்லா இடத்துலயும் பட்டது, பட்டதுன்னு இருக்கு."

"அது அறிக்கை நடை, அக்கா."

"சரிதான். ஆனா பாடு பட்டது யாருன்னு ஒரு இடத்துலகூட இல்லையே?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். தலை கனமாகத்தான் இருந்தது. நியாயமான கேள்வி. தவறு உடனடியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. தவறைச் செய்தது யார் என்பது மட்டும் குறிப்பிடப்படவில்லை.