டேங்க் எஞ்சினுக்குப் பால் வார்த்த கதை

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் சோடை போகவில்லை. இந்தத் திருத்தணியில் என்னை நேருக்கு நேர் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் ஒரு ரயில் எஞ்சினைக் கொன்றவள் நான்தான். மறைக்கவும் வழியில்லை, ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

என் வீட்டுக்காரர் ஓட்டியது டேங்க் எஞ்சின். மற்ற நீராவி எஞ்சின்கள் கரிக்கும் தண்ணீருக்கும் பின்னால் தனியாக ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போகும். இது அப்படியில்லை. பாய்லருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் கரி, எல்லாவற்றையும் தானே சுமக்கும். (பொதிக்கழுதை மாதிரி என்பேன். அவருக்குக் கோபம் வரும்.) முன்னே ஓடுவதும் பின்னே ஓடுவதும் அதற்கு ஒன்றுதான், திருப்பி நிறுத்தத் தேவையில்லை. அதனால் கிட்டத்து ஊர்களுக்குப் போய்வரும் பாசஞ்சர் வண்டிக்கென்றே சீமையில் செய்து அனுப்பினார்களாம். தொட்டி சின்னது, தூரம் தாங்காது. கரண்ட் வண்டி வந்ததும் பாசஞ்சர் வேலை போயிற்று. சரக்குப் பெட்டிகளை இங்கிருந்து அங்கே தள்ளுவதற்குப் போட்டார்கள். அந்த ரகம் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய், கடைசியாக மிஞ்சியது இவருடையது ஒன்றுதான்.

டீசல் எஞ்சினுக்கு மாற வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். அந்த அளவுக்கு அவருக்குப் படிப்பில்லை. "இது ஓடற வரிக்கும்தான் நான் டிரைவரு" என்று சோறு தின்னும்போதெல்லாம் சொல்வார். அப்படியிருக்க, இதை வைத்துக்கொள்வதா உடைப்பதா என்று பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அதிகாரி வந்த நாள் ஆடிக் கிருத்திகை.

எஞ்சின் பிழைக்க வேண்டுமென்று நான் பால்குடம் வேண்டிக்கொண்டிருந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களும் ஆளுக்கொரு குடம் எடுத்தார்கள். மலையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது, பாதிப் படியிலேயே திரும்பினோம். வரும் வழியில், சரக்குப் பெட்டிகள் நிறுத்தும் சைடிங் தண்டவாளத்தில் எஞ்சின் புகைந்துகொண்டு நின்றது. அவரும் கரி போடும் ஃபயர்மேன் பாஷாவும் அதிகாரியை அழைத்துவர பிளாட்பாரத்துக்குப் போயிருந்தார்கள்.

"அக்கா, இது மேலயே ஊத்திடலாமா? இதுவும் சாமிதானே?" என்றாள் பக்கத்து வீட்டு நாகம்மா.

"மேல ஊத்தினா வழிஞ்சு பூடும்டி. வயித்துக்குள்ள போனாத்தான் தெம்பு. அஞ்சு புள்ளைக்குப் பால் குடுத்தவ சொல்றேன்."

புடவையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். தொட்டி மூடியைத் திறந்தேன். தண்ணீர் அடியில் கிடந்தது. (பாவம், பட்டினி கிடக்கிறது என்று நினைத்தேன்.) கீழேயிருந்து ஒவ்வொரு குடமாக நீட்டினார்கள். முருகா முருகா என்று அத்தனையும் கவிழ்த்தேன்.

அதிகாரி வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். பாஷா தொட்டித் தண்ணீரை பாய்லருக்குள் விட்டான். என் வீட்டுக்காரர் ஊதல் கொடுத்தார். எஞ்சின் சரக்குப் பெட்டிகளோடு ஜம்மென்று கிளம்பியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச தூரம்தான். அடுப்பில் வைத்த பால் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. பாய்லருக்குள் பொங்கி, புகைபோக்கி வழியாக நுரையைக் கக்கியது. அதிகாரி தலையில் வெள்ளை மழை. பிறகு டமார் என்று ஒரு சத்தம். நீராவி போக வேண்டிய இடத்தில் தண்ணீர் போனால் அது அமுங்காதாம், இரும்பைத்தான் உடைக்குமாம். முன்பக்க சிலிண்டர் மூடி இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது.

"என்னய்யா இது வாசனை?" என்றார் அதிகாரி.

"பால்கோவா மாதிரி கீதுங்க சார்" என்றான் பாஷா.

இவர் இறங்கி வந்து என் இடுப்பிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தார்.

"இன்னாடி பண்ணே?"

"பால் ஊத்தினேங்க."

"எங்க?"

"வயித்துல."

குடத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

அந்த ரகத்துக்கு சிலிண்டர் மூடி செய்வாரே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அதிகாரி. சைடிங்கிலேயே கேஸ் வைத்து அறுத்தார்கள். என் வீட்டுக்காரர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். ரிட்டயர் ஆகும்வரை ஷெட்டில் குடிதண்ணீர்ப் பானை நிரப்பும் வேலை. டிரைவர் வீடு என்ற பேர் போயிற்று. அன்றிலிருந்து அவர் காப்பியில் பால் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் பால் பொங்கினால் பிள்ளைகள், "எம்மா, வண்டி கெளம்பிட்சு!" என்று கத்துவார்கள். இன்றைக்கும் கத்துகிறார்கள்.

போன வருடம் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கப்படி வாயில் பால் ஊற்றச் சொன்னார்கள். கரண்டியோடு குனிந்தேன். கண்ணைத் திறந்தார். கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா, என்னையும் காயலான் கடைக்கு அனுப்பறியா?"

சாவு வீட்டில் சிரித்த குடும்பம் என்று எங்களுக்குப் பேர் வந்தது அதனால்தான். பெரியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் வாயைத் திறந்தார். ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே வழியவில்லை.

கண்ணு, இங்க வாடி. பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினத மொதல்லேர்ந்து சத்தமா படி. எழுத்துல தப்பு இருந்தா இருக்கட்டும், கேக்கறேன்.