அத்தைக்குப் பின்னால் ஒரு கடல்

இனிமேல் பழைய வரைபடம் ஒன்றுகூட வாங்குவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் சபதம் எடுத்தேன். எடுத்தேன் என்றா சொன்னேன்? எடுக்க வைக்கப்பட்டேன்.

எல்லாம் மைத்துனனால் வந்தது. பரணிலிருந்து எதையோ எடுக்கப் போனவன் என் தோல் அட்டை போட்ட அட்லஸை இழுத்துவிட்டான். இருநூறு வருஷத்துப் புத்தகம், ஆறு கிலோ. உலகமே காலில் வந்து விழுந்தால் ஒரு மனிதனுக்குப் பெருமையாக இருக்க வேண்டாமா? இவன் "ஐயோ" என்கிறான்! நான் ஓடிப்போய் அட்லஸுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன்.

"என் தம்பி கால் வீங்கிக் கிடக்கு, நீங்க காகிதத்தைத் தடவிக் குடுக்கறீங்களா?" என்றாள் மனைவி.

சபதம் பிறந்தது. பதினோரு நாள் உயிரோடு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பழைய புத்தகக் கடைப் பக்கம் போனேன். சும்மாதான். கடைக்காரருக்கு 'தூசி' என்று பெயர். அவர் தும்மாத நாளில் கடை திறக்கவில்லை என்று அர்த்தம். அன்று தும்மலோடு ஒரு தாளை நீட்டினார். கையால் வண்ணம் தீட்டிய கடல் வரைபடம்! கரையோரமெல்லாம் பச்சை. அந்தப் பச்சைச் சாயம் காகிதத்தை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரிந்தது. அசல் என்பதற்கு அதுதான் அடையாளம். நடுக்கடலில் ஒரு தீவு, அப்படி ஒரு தீவே உலகத்தில் கிடையாது. பக்கத்தில் அந்தத் தீவைவிடப் பெரிய திமிங்கிலம். வரைந்தவர் கடலையே பார்த்திருக்க மாட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வாங்கிவிட்டேன். எங்கே வைப்பது?

என் மனைவி சுங்கத்துறை அதிகாரி. அடுத்தவர் பெட்டியைக் குடைவதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். வீட்டில் ஒரு ஜோடிக் கண் என்னைச் சோதிக்கிறது.

யோசித்தேன். கூடத்துச் சுவரில் மாமியாரின் புகைப்படம் தொங்குகிறது. கதவில் பாதி அளவு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் நான் தலை திருப்பியதில்லை. நான் போகவே மாட்டேன் என்று மனைவி நம்பும் இடம்! சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, அத்தையின் முதுகோடு முதுகாக என் கடலைச் சாய்த்து வைத்து மூடினேன்.

அதன்பின் தினமும் சாயங்காலம், மனைவி வேலையிலிருந்து வருவதற்கு அரைமணி முன்னால், அத்தையை இறக்குவேன். கடலைப் பார்ப்பேன். அத்தையை ஏற்றுவேன். ஆறு நாள் ஜம்மென்று ஓடியது. ஏழாம் நாள் அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். கதவுச் சத்தம் கேட்டதும் கடலை உள்ளே தள்ளிப் பலகையை அழுத்தினேன். மாட்ட நேரமில்லை. ஒரு கையில் அத்தை, மறு கையில் பூதக்கண்ணாடி.

"என்ன பண்றீங்க?"

"அத்தையைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பூதக்கண்ணாடி வெச்சா?"

"முகத்துல ஒரு கருணை இருக்கு பாரு. சும்மாப் பாத்தா தெரிய மாட்டேங்குது."

"எங்கம்மா கருணையைப் பாக்கப் பூதக்கண்ணாடி வேணுமா?"

"இல்லம்மா... கருணை பெரிசுதான். இன்னும் பெரிசாப் பாக்கலாமேன்னு."

அவள் என்னையே பார்த்தாள். சட்டத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "சரி, பால் தீந்துபோச்சு. வாங்கிட்டு வாங்க" என்றாள். தப்பித்தோம் என்று கடைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. உன் படத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். உருகிப் போயிட்டார். நீ உடனே கிளம்பி வா."

சனிக்கிழமை அத்தை வந்தார், நான்கு பெட்டிகளோடு. இரண்டாவது அறையில் பரப்பி வைத்திருந்த என் சேகரிப்பெல்லாம் கட்டிலுக்கடியில் ஒடுங்கியது. பகலெல்லாம் அத்தை தன் படத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேலே ஒரு அத்தை, கீழே ஒரு அத்தை. கடலை நெருங்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல என் மூக்கு நல்லால்ல. ஸ்டுடியோக்காரனை வரச் சொல்லியிருக்கேன். கழட்டிட்டுப் போய் வேற படம் போட்டுத் தருவான்."

சுவரை மறைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"முடியாது அத்தை! இந்த மூக்கை யாரும் தொடக்கூடாது!"

"என்ன மாப்பிள்ளை இது?"

"இது போயிட்டா இந்த வீடே வெறிச்சோடிப் போயிரும் அத்தை!" என் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. கடல் ஆயிற்றே!

அத்தை மூக்கைச் சிந்தினார். "நாளைக்கு ஊருக்குக் கிளம்பலாம்னு இருந்தேன். இப்படி ஒரு மாப்பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போவேன்? அந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு இங்கயே வந்துடறேன்."

"அம்மா, இது உன் வீடும்மா" என்றாள் என் மனைவி. அம்மாவும் மகளும் சந்தோஷத்தில் காய்கறி வாங்கக் கிளம்பினார்கள். நான் பாய்ந்து போய்ச் சட்டத்தை இறக்கிப் பலகையைக் கழற்றினேன்.

பலகை இருந்தது. அத்தை இருந்தார். கடல் இல்லை.

அவள் திரும்பி வந்ததும் சமையலறைக்குள் பின்தொடர்ந்தேன்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா தேட வேண்டாமே."

சரணடைந்தேன். "எப்போ எடுத்தே?"

"நீங்க பால் வாங்கப் போனப்பவே. பலகை கோணலா இருந்துச்சு. இதே மாதிரி ஒரு நாளைக்கு முப்பது பெட்டி பாக்கறேன்."

"அப்பவே என்னைத் திட்டியிருக்கலாமே! அம்மாவை எதுக்கு வரச் சொன்னே?"

"அம்மாவைக் கூட்டி வெச்சுக்கலாம்னு மூணு வருஷமாக் கேக்கறேன். இடமில்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. இப்போ நீங்களே கையை விரிச்சு மறிச்சு நிறுத்திட்டீங்க."

"என் வரைபடம்?"

"பத்திரமா இருக்கு. கண்ணாடி போட்டு அம்மா ரூம்ல மாட்டிடறேன். போய்ப் பாத்துக்கோங்க."

மாட்டிவிட்டாள். தினமும் மாலை போய்ப் பார்க்கிறேன். தன்னைப் பார்க்கத்தான் மாப்பிள்ளை வருகிறார் என்று அத்தை நாற்காலி போட்டுக் கொடுக்கிறார். ஒரு மாதத்தில் நான் கடலில் பார்த்து முடித்தது கால்வாசிக் கரை. கேட்டு முடித்தது அத்தையின் இடது முழங்கால் வலி.

வலது முழங்கால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.