நடுவர் நாற்காலி

"சேர்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி கையைத் தட்டினான். ஒருவரும் அசையவில்லை.

விளையாட்டு என்னவோ எளிதுதான். வாத்தியார் ஒரு பொருளின் பெயரை இங்கிலீஷில் சொல்வார். முதலில் ஓடிப்போய் அதைத் தொடுகிறவருக்கு ஒரு புள்ளி. கடலூரில் அக்காள் பிள்ளைகளோடு ஆடிப் பார்த்தபோது, தொடுகிற வேகத்தில் ஒரு முக்காலியின் காலே ஒடிந்துபோனது. இங்கேயோ அரசாங்க குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் பிடித்து வைத்த பிள்ளையார் போல நின்றார்கள். நாற்காலி அவர்களுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

இருப்பவர்களில் இளையவனான கண்ணையன் மெல்ல அருகில் வந்தான்.

"முசியே இன்னும் தொடலீங்களே சார்" என்றான்.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா, அந்த ஆபீசில் பெரிய குமாஸ்தா நாராயணசாமி. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகியும், கீழே வேலை பார்ப்பவர்களுக்கு அவர் முசியேதான். அவர் உட்காராமல் அங்கே யாரும் உட்காருவதில்லை. அவர் சோற்று டப்பாவைத் திறக்கும்வரை யாருக்கும் பசிப்பதுமில்லை. அப்பேர்ப்பட்டவரை முந்திக்கொண்டு ஒருவன் நாற்காலியைத் தொட்டுவிட முடியுமா? அவர் சன்னலோரம் சாய்ந்து நின்றுகொண்டு, முட்டியைத் தடவியபடி, "நீங்க ஆடுங்கப்பா, எனக்கு மூட்டு வலி" என்றார். அவர் ஆடவில்லை என்பதால் மற்றவர்களும் ஆடவில்லை.

கலியமூர்த்திக்கு இது விளையாட்டுக்காக ஆடுகிற விளையாட்டு இல்லை. மேலிடத்திலிருந்து வரும் காகிதங்கள் பிரெஞ்சை விட்டு இங்கிலீஷுக்கு மாறத் தொடங்கியிருந்தன. குமாஸ்தாக்களெல்லாம் இங்கிலீஷ் கற்க வேண்டும், வருடக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து பேசிப் பார்ப்பார், தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அதோடு ஒரு வால்: பெரிய குமாஸ்தா வேலை இனி வயசுக்கும் சர்வீசுக்கும் இல்லை, முதல் மதிப்பெண் வாங்குகிறவருக்குத்தான். வகுப்பு தேறவில்லையென்றால் வாத்தியாருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும். பி.ஏ. முடித்து வந்த கையோடு அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பாவம், இந்த வயசில் மனுஷன் நாற்காலியைப் பறிகொடுக்கப் போகிறாரே என்று அவன் நாராயணசாமிக்காகவும் வருத்தப்பட்டான். அந்த வருத்தம் வீண் என்று அப்போது அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் வேறு ஆட்டம் கொண்டுவந்தான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைத்தான். அவன் மேசையைத் தட்டுகிறவரை சுற்றி வர வேண்டும், தட்டுவது நின்றதும் உட்கார வேண்டும், இடம் கிடைக்காதவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இதில் பெரியவரும் கலந்துகொண்டார். தட்டுவது நின்றது. நாராயணசாமி உட்காராமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிகிறவரை நாற்காலிகளெல்லாம் காலியாகக் கிடந்தன, மனிதர்களெல்லாம் நின்றார்கள். இடம் கிடைக்காதவர் யார் என்று வாத்தியாராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"எல்லாரும் ஜெயிச்சிட்டோம்" என்றார் முருகையன். கல்யாணத்துக்கு நிற்கும் மூன்று பெண்களைப் பெற்ற அந்த நரைத்த குமாஸ்தா அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. நெஞ்சில் நிம்மதியோடுதான் சொன்னார்.

அடுத்தது மார்க்கெட் விளையாட்டு. கலியமூர்த்தி பெரிய மார்க்கெட்டுக்குப் போய்த் தன் சொந்தக் காசில் கத்தரிக்காயும் வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கி வந்து மேசையில் பரப்பினான். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்க வந்தவர். பேச்சு முழுக்க இங்கிலீஷில். முதலில் முருகையன் கடைக்காரர், நாராயணசாமி வாங்குபவர். பெரியவர் வாயைத் திறக்காமல் கத்தரிக்காயை விரலால் காட்டினார். முருகையன் இருந்த கத்தரிக்காய் முழுவதையும் அவர் பைக்குள் கொட்டி, இரண்டு முருங்கைக்காயை மேலே சொருகி, "தேங்க் யூ, முசியே" என்று கும்பிட்டார். கடையில் நடந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். காய் நாராயணசாமி வீட்டுக் குழம்புக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்துக் கடையில் நின்றவன் கண்ணையன். இளங்கன்று பயமறியாது. வெங்காயத்துக்கு இங்கிலீஷில் விலை சொன்னான். பெரியவர் இரண்டு விரலைக் காட்டிக் குறைக்கச் சொன்னதும், "நோ சார், வெரி குட் ஆனியன்" என்று தலையை ஆட்டினான். கலியமூர்த்தி தன்னை மறந்து கைதட்டினான். இந்த ஒருவனாவது தேறிவிடுவான் என்று மனம் குளிர்ந்தது.

மறுநாள் காலை கண்ணையனைப் பழைய காகிதக் கட்டுகளைத் தூசி தட்டுகிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். கேட்டிருந்த லீவும் இல்லையென்று ஆகிவிட்டது. அன்று மாலை வகுப்பில் அவன் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். விலை கேட்டால் எல்லாவற்றையும் சும்மா கொடுத்தான்.

பெரியவர் ஆட்டத்துக்குள் இருக்கிறவரை ஆட்டம் நடக்காது என்று கலியமூர்த்திக்கு விளங்கியது. வெளியே போங்கள் என்று சொல்ல அவனால் முடியாது. ராத்திரி முழுக்க யோசித்து, அவரை ஆட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துவிடுவது என்று முடிவு செய்தான். வகுப்பறையின் கோடியில் கைவைத்த நாற்காலியைப் போட்டு, அவரை நடுவராக உட்கார வைத்தான். சரி, தப்பு சொல்வது மட்டும் அவர் பாடு. மற்றவர்கள் தாராளமாக ஆடலாம். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஆடினார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. முருகையன் எழுந்து, "ஹீ கோஸ் டு மார்க்கெட்" என்றார். அழகான வாக்கியம்.

"தப்பு" என்றார் நடுவர்.

கலியமூர்த்தி திகைத்துப்போய்ச் சரிதான் என்றான். நாராயணசாமி பொறுமையாகச் சிரித்தார். கூட்டமாகப் போனால்தானே கடைசியில் 'ஸ்' சேரும், ஒத்தை ஆள் போவதற்கு 'ஸ்' எதற்கு என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் குமாஸ்தாக்களின் முகமெல்லாம் மலர்ந்தது. இவ்வளவு நாளாக மண்டையில் ஏறாத சங்கதி ஒரே நொடியில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நேற்றைக்கு டுமாரோ என்றும் நாளைக்கு எஸ்டர்டே என்றும் தீர்ப்பானது. கலியமூர்த்தி மறுத்துப் பேச வாயெடுத்தான்.

"தம்பி, நடுவர் நீங்களா, நானா?" என்றார் நாராயணசாமி.

எல்லோரும் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தான். அவனுக்கு மாதச் சம்பளம் கிடைக்க அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சிரிப்பை நினைத்த போதெல்லாம் பின்னாளில் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வாத்தியார் சிரித்த பிறகு அந்த வகுப்பில் வேறு யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒருவழியாக ரோஷம் வந்து, பெரியவருக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கலாம் என்று முருகையனிடமும் கண்ணையனிடமும் கிசுகிசுத்தான். ஊருக்குள் வேண்டாம், காலாப்பட்டுக் கடற்கரை என்று முடிவானது. பஸ் பிடித்து எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மணலில் உட்கார்ந்து, கட்டுமரத்தையும் வலையையும் மீனையும் காட்டிக் காட்டிப் பெயர் சொல்கிற விளையாட்டு. கண்ணையனுக்குப் பழைய உற்சாகம் திரும்பியது. முருகையன் 'ஹீ கோஸ்' என்று மூன்று தடவை தப்பில்லாமல் சொல்லிவிட்டார்.

நாலாவது தடவை சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். சவுக்குத் தோப்பு வழியாகக் குடை பிடித்தபடி நாராயணசாமி வந்துகொண்டிருந்தார்.

"கடல் காத்து மூட்டுக்கு நல்லதுன்னாங்க" என்றார் வந்தவர்.

யார் சொன்னது என்று கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். முருகையன் தலையைச் சொறிந்தார்.

"சொல்லாம வந்தா தப்பா நெனச்சிக்குவாரேன்னு, ஒரு வார்த்தை உத்தரவு கேட்டுக்கிட்டேன் சார்."

மணலைக் குவித்து, மேலே துண்டை விரித்து, நடுவருக்கு ஆசனம் போட்டார்கள். கடற்கரையிலும் நேற்று டுமாரோ ஆனது.

பரீட்சை நாள் வந்தது. மெட்ராஸ் அதிகாரி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். கலியமூர்த்திக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை. தனியாக இருந்தால் பயம் இருக்காது, உள்ளே புதைந்து கிடப்பது வெளியே வந்துவிடும் என்று எண்ணினான். அவன் வேண்டாத தெய்வமில்லை. முதலில் நாராயணசாமி போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அதிகாரி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன உளறித் தொலைத்தாரோ, இந்த வயசில் இப்படியா மானம் போக வேண்டும் என்று கலியமூர்த்தி கூசிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. கதவையொட்டி இருந்த பெஞ்சில் அமர்ந்துகொண்டார்.

பிறகு போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். கண்ணையன் வெளிறிப்போய் வந்து, நேராகத் தூசி அறைக்குள் போய்விட்டான். முருகையன் கடைசியாக வந்து கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹீ கோஸ்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சி சார். கதவ சாத்தல. வெளில அவரு இருமினாரு. ஹீ கோன்னுட்டேன்."

அவரைத் திட்டத்தான் கலியமூர்த்தி நினைத்தான். அந்த மூன்று பெண்களின் நினைவு வந்து நாக்கை அடக்கியது. திட்டுகிற யோக்கியதை தனக்கு உண்டா என்றும் தோன்றியது.

முடிவு வந்தபோது ஒரே ஒருவர் தேறியிருந்தார். பெரிய குமாஸ்தாவாக நாராயணசாமியே தொடர்வார். முருகையனுக்கும் மற்றவர்களுக்கும் அந்த மாதத்தோடு சரி. கண்ணையன் வண்டிக் கம்பெனியில் மூட்டை எண்ணப் போவதாகக் கேள்வி. ஒரு வகுப்பையே கவிழ்த்த வாத்தியார் இனி வேண்டாம் என்று கலியமூர்த்திக்கும் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நாராயணசாமிதான். சொல்லும்போது, நல்ல பிள்ளை, எங்கேயிருந்தாலும் நன்றாக இருப்பாய் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். கலியமூர்த்தி அதற்கும் கும்பிடு போட்டான்.

வகுப்பறைக்கு வந்து, படம் வரைந்த அட்டைகளைப் பொறுக்கினான். ராத்திரி கண்விழித்து வர்ணம் தீட்டிய கத்தரிக்காயும் கட்டுமரமும் அவனைப் பார்த்து இளித்தன. பாவாடை என்கிற பியூன் சணல் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொடுத்தான். அங்கே பரீட்சை இல்லாத ஆள் அவன் ஒருவன்தான். எல்லாம் முடிந்தபிறகும் அவனிடம் மட்டும்தான் கலியமூர்த்திக்குக் கொதிப்பைக் கொட்ட முடிந்தது. ஹீ கோஸ் சொல்லத் தெரியாத மனுஷன் மெட்ராஸ்காரனிடம் எப்படித் தேறினார், அந்த அதிகாரிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டான்.

"அவரு ஏன் சார் குடுக்கணும்?" என்றான் பாவாடை, முடிச்சை இறுக்கிக்கொண்டே. "வாத்தியாரு வேலைக்கு மனு கட்டு கட்டா வந்துச்சி, அத்தினியும் இங்கிலீசு. இந்த ஆபீசுல அதையெல்லாம் குந்திப் படிச்சிப் பாத்து, இந்தப் புள்ளையே போதும்னு உங்கள பொறுக்கி எடுத்தது யாருன்னு நெனச்சீங்க?"