தரகர் டின்

"டின் எங்கே?" என்று கேட்ட செவந்தியிடம் ஆண்டியப்பன் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு மணிகூட விழவில்லை.

"பூராத்தையுமா கொட்டிட்டீங்க?"

"கொஞ்சம் போட்டாலே ஒட்டும்னா, பூராவும் போட்டா எப்படி ஒட்டும்! அதான்..."

திருக்கோகர்ணத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள், கைப்பிடியை நெம்பி இழுத்து ஓட்டும் பிளாஸ்டிக் அச்சு மெஷின் ஒன்று. ஆண்டியப்பன் முதலாளி, செவந்தி வேலையாள், தொழிற்சாலை அவ்வளவுதான். புதுப் பிளாஸ்டிக் விலை கட்டுப்படியாகவில்லை. உர மூட்டைக்குள் வரும் பாலிதீன் பையையும் உடைந்த சோப்பு டப்பாவையும் சேர்த்து உருக்கிச் சீப்பு செய்யலாம் என்று அவர் இறங்கியிருந்தார். அந்த இரண்டும் ஒரே பந்தியில் உட்காராத பங்காளிகள். உருகும்போது ஒன்றாகிவிட்டது போல நடிக்கும். ஆறியதும் வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரியும்.

மெட்ராஸ் கம்பெனி ஒன்று இதற்கென்றே அந்த டின்னைப் பரீட்சைக்கு அனுப்பியிருந்தது. உள்ளே இருந்தவை சின்னச் சின்ன மணிகள். உருகினால் ஒரு பக்கம் பாலிதீனைப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டு வீட்டுலயும் ஒறவு உள்ள தரகர்னு சொல்லுங்க" என்று செவந்தி அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

நூறு பங்குக்கு ஐந்து பங்கு போடு என்று அச்சடித்த தாளும் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார். சீப்பு தேறினால் மாதாமாதம் டின் வரும். தேறாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஆண்டியப்பன் மச்சானுடைய கடலை மில்லில் போய் நிற்கவேண்டியதுதான்.

இப்போதோ மொத்தத் தரகரும் ஒரே கலவையில் இறங்கிவிட்டார்கள். வந்த சீப்புகள் உரியவில்லை. நிமிரவும் இல்லை. வதங்கிய வெண்டைக்காய் போலத் தொங்கின.

புதன்கிழமை தரகர் இல்லாமலே அடித்துப் பார்த்தார். தலை வாரியதில் நாலு பல் தலையிலேயே தங்கிவிட்டது.

"எங்க அண்ணன் மில்லுல எடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்" என்றாள் மனைவி முத்துமாரியம்மாள், பற்களைப் பொறுக்கியெடுத்தபடி.

"சூடு பத்தலை" என்று மறுபடி போய்ச் சூட்டை ஏற்றினார். புகை கிளம்பிய வேகத்தில் தெருவே குடமும் கையுமாக ஓடிவந்து, அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது.

வியாழக்கிழமை காலை தரகருக்குப் பதில் மைதாப் பசை. ஈரப் பசையை உள்ளே விட்டு நெம்பியதும் 'படார்' என்றது. உருகியது அச்சுக்குள் போகாமல் கூரையில் போய் அப்பிக்கொண்டது. அங்கே மட்டும் உரியவே இல்லை.

ஆண்டியப்பன் கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சிருச்சு செவந்தி. நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

செவந்தி தொங்கும் சீப்பு ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். "மொதலாளி, தரகரு எங்கிட்டும் போயிரலையே. அம்புட்டுப் பேரும் இதுக்குள்ளதானே உக்காந்திருக்காங்க?"

"உக்காந்து?"

"பாலுக்கு ஒறை ஊத்துறதில்லையா? இதை நறுக்கி, புதுக் கலவையில படிக்கு ஒரு கை போட்டுப் பாத்தா என்ன?"

"ஏத்தா, பிளாஸ்டிக் என்ன பாலா?"

"மைதா மட்டும் பிளாஸ்டிக்குங்களா?"

அரிவாள்மனை வந்தது. செவந்தி கீரை அரிவது போல அரிந்து தள்ளினாள். முதல் தடவை ஒரு கை. சீப்பு கொஞ்சம் வளைந்தது. அடுத்து முக்கால் கை. அவர் நெம்பினார், அச்சு திறந்தது. நகத்தால் சுரண்டினார். மடக்கினார். சுவரில் எறிந்தார். எடுத்துத் தலையும் வாரினார். பல் எல்லாம் பல்லாகவே இருந்தது. அந்தச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, செவந்தியைப் பார்த்து அவர் நின்ற நிலை இருக்கிறதே, கோயிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் சந்தனராஜ் வந்தார். பூர்வீகம் ஆவூர்தான், மெட்ராஸில் உத்தியோகம். முகத்தில் ஈயாடவில்லை. சீப்பை வாங்கினார், சுரண்டினார், முறுக்கினார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"நூத்துக்கு அஞ்சுங்க. அளந்துதான்" என்றார் ஆண்டியப்பன்.

"மிச்ச டின்னைக் கொண்டாங்க, பார்ப்போம்."

ஆண்டியப்பன் செவந்தியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டேங்க. மொத நாளே பூராத்தையும் ஒண்ணாக் கொட்டிப்புட்டேன். அந்தச் சீப்பு வெளங்கலை. இந்தப் பிள்ளைதான் அதை நறுக்கி, ஒறை ஊத்துற மாதிரி ரெண்டாந் தடவை உருக்கி... தப்பு என்னோடதுங்க. மூளை மட்டும் இவளோடது. டின் தரலைன்னாலும் பரவாயில்லை, இவளை ஒண்ணும் சொல்லிறாதீங்க."

சந்தனராஜ் அவரை விட்டுவிட்டுச் செவந்தியின் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் நிதானமாச் சொல்லும்மா, எழுதிக்கிறேன், தாள்ல இருக்கிறபடி அளந்து போட்ட ஏழு ஊர்லயும் சீப்பு உரியுதுன்னு, டின்னையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லித்தான் கம்பெனி என்னை அனுப்பியிருக்கு."