ராஜா ஆக மாட்டேன் என்ற மல்லாட்டை

நாற்பதுகளில் செஞ்சியில், ஊரே ராஜா ஆகச் சொல்லியும் மாட்டேன் என்ற ஒரே மனிதர் மல்லாட்டைதான். நான் அப்போது கடைவீதியில் நிலக்கடலை மண்டியில் கணக்குப்பிள்ளை. அந்தப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அவர் அதைப் பயிரிட்டார், மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார், சண்டை போடும்போதும் உரித்துத் தின்றார். எந்தெந்தக் கடையில் தகராறு என்று வாசலில் கிடக்கும் தோலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்த வருஷம் அவருடைய ஜாதிச் சங்கம் கோட்டை அடிவாரத்தில் கூட்டம் போட்டது. பட்டணத்துப் பேச்சாளர் மலையைக் காட்டி, "இதை ஆண்ட பரம்பரை நாம். இனி யாரும் தன்னை உழவன் என்று சொல்லக் கூடாது. பெயரோடு ராஜா என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

மல்லாட்டை எழுந்தார். "ஐயா, நாம எல்லாரும் ராஜான்னா, நமக்கு சோறு போட்டது யாரு?"

"அது வேறு ஜனங்கள்."

"அப்ப நான் அந்த வேற ஜனம்" என்று உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

சிரிப்போடு போயிருக்கும். ஆனால் சங்கத் தலைவர்தான் அவருக்குச் சம்பந்தி ஆகவேண்டியவர், பனமலைக்காரர். பத்திரிகையில் ராஜா என்று அச்சடித்தால்தான் கல்யாணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ரெண்டே எழுத்து. போட்டுட்டுப் போயேன். பொண்ணு வாழ வேணாமா?" என்று மனைவி அழுதாள்.

"போட்டா எங்க நைனா ஓட்டுன ஏரு பொய்யாப் பூடும்" என்றார் அவர். அந்த வாரம் முழுக்க அவர் மல்லாட்டை தின்னவில்லை. கடைவீதி சுத்தமாக இருந்தது.

அப்போது நல்ல மழை பெய்தது. விதைப்பு அவசரத்தில் பனமலைக்காரருக்கு ஏர் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. ராஜாவானபின் அவரே கலப்பையைத் தொடுவது எப்படி? ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. மண்டி வேலையாக நான் அங்கே போயிருந்தபோது, மல்லாட்டை தம் மாடுகளோடு வந்து அவர் நிலத்தில் ஏரைப் பூட்டினார்.

"இன்னா இது, கூப்டாமயே வந்துட்டீங்க?" என்றார் பனமலைக்காரர்.

"நெலம் காயுது. நீங்க வரப்புல நில்லுங்க. ராஜா நின்னா போதும்."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தம் மாடுகளைப் பூட்டிப் பின்னால் வந்தார்.

"உழுத சால் கோணுது" என்றார் மல்லாட்டை.

"கொஞ்ச நாள் ராஜாவா இருந்துட்டேன் இல்ல, கை மறந்துபோச்சி."

பத்திரிகையில் இருவர் பெயரோடும் விவசாயி என்றே அச்சானது. பட்டணத்துப் பேச்சாளர் வரவில்லை.

பிறகு எத்தனையோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கல்யாணத்தன்று மல்லாட்டை செய்ததைப் போல வாசலில் ஓடிவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "கணக்குப்புள்ள வந்துட்டீங்களா, இனிமே எனக்கு பயமில்ல" என்று யாரும் சொன்னதில்லை.