பல் டாக்டர் தேர் மீட்ட படலம்

வாழிய வாழிய! கடைவாய்ப் பல்லின் வேரைக் கண்ணிமைக்கும் பொழுதில் கெல்லி எறியும் குறட்டுக் கையனே, பஞ்சு பொதிந்த வாய்களால் மட்டுமே போற்றப்படுவதால் ஒருநாளும் எதிர்த்துப் பேசப்படாத மாவீரனே, இரண்டு தெருக்களின் ஈறுகளை ஒரு சிறு கண்ணாடியால் ஆண்டுவரும் ஏந்தலே, பல் டாக்டரே, வாழிய! உன் வெண்ணிறத் தேர் சேற்றில் அமிழ்ந்ததையும், அதை மீட்க ஒரு முற்பகல் முழுதும் நீ ஆற்றிய பெரும்போரையும் யாம் பாடத் தொடங்குகிறோம். கேட்பவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்காருங்கள். கதையில் சேறு அதிகம்.

தேரின் பெருமையை முதலில் சொல்வதே முறை. கிராஸோவர் என்று விற்பவர்கள் விளிக்கும் அந்த ஊர்தி, தோற்றத்தில் காடு கடக்கும் களிறு: உயர்ந்த நெற்றி, அகன்ற தோள், எதையும் சுமந்தறியாத கூரைக் கம்பிகள், கதவில் பனி மூடிய மலைமுகட்டின் ஸ்டிக்கர். குணத்தில் அது கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் சாதாரணக் கார். முன் சக்கரங்கள் இரண்டும் இழுக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைகளைப் போலக் கூடவே வரும். விற்றவர் இதை மறைக்கவில்லை. வாங்கியவர்தான் கேட்கவில்லை.

தேரின் உடையவருக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் நெடுந்தூர ஓட்டக்காரி. எத்தனையோ போட்டிகளில் ஓடியிருக்கிறாள். ஒன்றுக்குக்கூட அப்பா வந்ததில்லை. எப்போதும் யாருக்காவது பல் வலித்துவிடும். இந்த முறை ஆஸ்பத்திரிக்கே பூட்டுப் போட்டுவிட்டு, "உன் ஓட்டத்தைப் பார்க்காம அப்பா தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சூளுரைத்திருந்தார் மாவீரர். அவள் அதை நம்பினாள். இந்தக் கதையில் பாவம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

மைதானத்துக்கு நல்ல தார்ச்சாலை இருந்தது. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகும். குறுக்கே, முந்தின நாள் மழையைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோலப் பச்சைப் புல் போர்த்திக் கிடந்தது ஒரு வெற்றுநிலம். நூலகராக வேலை பார்க்கும் மனைவி அதைப் பார்த்த பார்வையிலேயே, "ஏங்க, ரோட்லயே போங்க" என்றாள். அப்போது திசைகள் அதிர, கண்ணாடிகள் நடுங்க, ஸ்டியரிங்கைப் பற்றிய திண்தோள் நிமிர, வீரர் முழங்கினார்: "ரோட்ல ஓட்டறதுக்கா இந்த வண்டியை வாங்கினேன்?"

பாதி நிலம்வரை வெற்றிதான். மீதிப் பாதிக்கு முன்னால் தேர் ஒருமுறை பெருமூச்சு விட்டு, வலப்பக்கமாகச் சாய்ந்து, எருமை குட்டையில் படுப்பதுபோல நிம்மதியாக அமர்ந்துவிட்டது. வீரர் கலங்கவில்லை. வாழ்நாள் முழுதும் சிக்கிக்கொண்டதை விடுவித்தே வயிறு வளர்த்தவர் அல்லவா? முன் கியரும் பின் கியருமாக மாற்றி மாற்றி உறுமவிட்டு, அசையாத பல்லை ஆட்டுவதுபோல் தேரை ஆட்டினார். ஆட்ட ஆட்ட இளகும் என்பது பல்லின் நீதி. ஆட்ட ஆட்ட இறங்கும் என்பது சேற்றின் நீதி. சக்கரங்கள் வாரி இறைத்த சேற்றில் பனி மலை ஸ்டிக்கர் மறைந்தது.

"அப்பா, போய்ப் பேர் குடுக்கணும்ப்பா" என்றாள் மகள், கதவருகே நின்று ஷூ லேஸை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டியபடி. "குடுக்கலாம்மா. நம்ம வண்டியிலயே போய் இறங்கலாம்" என்றார் தந்தை.

மனைவி தன் தம்பிக்குப் போன் செய்தாள். அழைத்த குரல் அடங்குமுன், தன் பழைய குட்டிக் காரில் தார்ச்சாலை வழியாகவே வந்து சேர்ந்தான் மைத்துனன், அறிவுக்குப் பதிலாக ஆர்வத்தை அள்ளிக்கொண்டு. வழியில் போன தண்ணீர் லாரியையும் மறித்துக் கூட்டி வந்திருந்தான். லாரி கெட்டித் தரையில் நின்றது. நெடுங்கயிறு நீண்டது. "எங்க கட்டறது சார்?" என்றார் லாரிக்காரர். "எங்க வாட்டமா இருக்கோ அங்க கட்டுங்க" என்றான் மைத்துனன், அத்தானைக் கேட்காமலே.

ஐயகோ, வாட்டமாக இருந்தது பம்பர்! சேலைக்கு ஜரிகைபோல, அழகுக்காக ஒட்டிவைத்த பிளாஸ்டிக். லாரி உறுமியது, கயிறு விறைத்தது, பம்பரின் இடது மூலை 'படார்' என்று பெயர்ந்தது; மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. முதற்போர் இவ்வாறு முடிய, மைத்துனன் தரையில் மல்லாந்து படுத்துத் தேரின் வயிற்றுக்கடியில் நுழைந்து, இரும்பு வளையம் ஒன்றைக் கண்டு, புதையல் கண்டவன்போல் கூவினான். அது புது வண்டிகளை டிரெய்லரில் ஏற்றும்போது ஆடாமல் கட்டிவைப்பதற்கான கண்ணி. சேற்றிலிருந்து பிடுங்கும் பலம் அதற்குக் கிடையாது. லாரி மறுபடி இழுத்தது. கண்ணி வளைந்து கிழிந்து தெறிக்க, கயிறு கருநாகமெனச் சீறி, வீரரின் காதோரம் காற்றைக் கிழித்துப் பறந்து, பக்கக் கண்ணாடியைக் கொய்துகொண்டு போய்ப் புல்லில் விழுந்தது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் நாம் இப்போது வேறு வகைப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்போம்.

அதுவரை பொறுத்திருந்த நூலக நாச்சியார் வாய் திறந்தாள். "நிறுத்துங்க எல்லாரும்! இழுக்கறதுக்குன்னே ஒரு இடம் வெச்சிருக்காங்க. பம்பர்ல வலது பக்கம் சின்னதா ஒரு சதுர மூடி இருக்கும். அதை நெம்பித் திறந்து, டிக்கியில ஸ்டெப்னிகிட்ட இருக்கற வளையத்தைக் கடைசிவரைக்கும் முறுக்கி மாட்டணும். நேரா இழுக்கணும், மெதுவா இழுக்கணும், கயிறு பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. வண்டியோட குடுத்த புக்லயே போட்டிருக்கு."

மைத்துனன் முன்பக்கம் முழுதும் தடவித் தேடினான். "மூடியே காணோமேக்கா?"

வீரர் குனிந்து காற்சட்டைச் சேற்றை வழிக்கலானார். அதன் காரணத்தை யாமே உரைக்கிறோம். அந்தச் சின்ன மூடி சில நாளாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. எங்கே ஓட்டையைக் கண்டாலும் கை அரிக்கும் சாதியல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லடைக்கும் பசையைப் படலம் படலமாக மூடியைச் சுற்றிப் பூசி, நீல விளக்குக் காட்டி இறுக்கி, பற்களுக்கு நிறம் பார்க்கும் அட்டையை வைத்து வண்டி வெள்ளைக்கு இணையான வெள்ளையைத் தேர்ந்து, விளிம்பே தெரியாமல் மெருகேற்றி, தள்ளி நின்று ரசித்திருந்தார்.

"பின்னாலயும் ஒண்ணு இருக்குமே" என்றாள் மனைவி.

"அதையும் அடைச்சுட்டேன்."

அவள் தம்பியின் குட்டிக் காரை நோக்கி நடந்தாள். மகள் மட்டும் திரும்பி வந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "நீங்களும் வாங்கப்பா. வண்டி எங்கயும் போயிடாது."

உண்மை, அது எங்கும் போகாது என்பதுதான் காலையிலிருந்து பிரச்சினை. ஆனால் காயம்பட்ட தேரைக் களத்தில் விட்டுப் போவது வீரருக்கு அழகா? "நீ போம்மா. பத்தே நிமிஷம், பின்னாடியே வந்துடறேன்." அவள் கையை விட்டாள். மைத்துனன் ஓட்ட, குட்டிக் கார் தார்ச்சாலையில் சாதுவாகப் போய் மறைந்தது.

பிறகு நிகழ்ந்தது இறுதிப்போர். ஒருபுறம் ஜாக்கிக் கம்பியும் ஸ்க்ரூ டிரைவரும் ஏந்திய மாவீரர்; மறுபுறம் அவரே படைத்த அடைப்பு. அவர் நோயாளிகளுக்கு வைத்த அடைப்புகள் ரொட்டியைக் கடித்தால்கூட உதிரும். திரும்பி வந்து கேட்டால், "நீங்க சரியாத் தேய்க்கலை" என்பார். இதுவோ குத்தியும் கீறியும் கல்லால் இடித்தும் இம்மியும் அசையவில்லை. தம் வாழ்நாளின் தலைசிறந்த வேலைப்பாடு தம்மையே எதிர்த்து நிற்கக் கண்டு, வியர்வைக்கிடையே அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வெட்கக்கேடு, ஆனால் வந்தது.

மைதானம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. நடந்தே போய்விடலாம். ஒலிபெருக்கியில் ஓட்டக்காரிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பது கேட்டது. அவற்றில் ஒரு பெயருக்கு அவர் கை ஒரு கணம் நின்றது. "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று லாரிக்காரரிடம் சொன்னார். லாரிக்காரர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் வெடிச் சத்தம் கேட்டது. கைதட்டல் எழுந்தது, அடங்கியது, மறுபடி பெரிதாக எழுந்தது. மாவீரர் இடித்துக்கொண்டேயிருந்தார்.

இடிந்தது அடைப்பு! திறந்தது துளை! முறுகி ஏறியது வளையம்! துயில் கலைந்த லாரிக்காரர் இன்னொரு கயிற்றைப் பூட்டி, நேராக, மெதுவாக இழுக்க, சேறு வாய்பிளந்து 'சளக்' என்று தேரை உமிழ்ந்தது. ஒற்றைக் காதும் கிழிந்த உதடுமாக எழுந்த அத்தேரில் ஏறி, முழங்கால்வரை சேற்றுக் கழல் அணிந்து, ஹாரனையே வெற்றிச் சங்காக ஊதி, பகை வென்று நாடு திரும்பும் பேரரசனெனத் தார்ச்சாலை அதிர விரைந்து, தோரணக் கொடிகள் துவளும் மைதானத்தின் அகன்ற வாயிலுள் வாகை சூடிப் புகுந்தார் எம் தலைவர்.

ஓட்டம் முடிந்து, மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.